பட்டாணி அளவு

தாடியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் வேண்டாமோ என்று தோன்றியது, ஆனால் சலூன்காரர் தாண்டவன் அதற்குள் துணியை உதறி என் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார், இனி எழுந்தால் நன்றாக இருக்காது. "முழுசாவா முசே, இல்ல ட்ரிம்மா?" பிரான்சிலிருந்து வந்தவனுக்கு இங்கே சார் இல்லை, முசே. "முழுசாத்தான். பாத்துப் பண்ணுங்க, கொஞ்சம் எரியற மூஞ்சி." "கண்ணாலம் ஆனவன் மூஞ்சி எல்லாமே எரியற மூஞ்சிதான்" என்று பின்னாலிருந்து சொன்னவர் நாகமுத்து, மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கே முடி வெட்ட வருவதில்லை, பேப்பர் படிக்க வருகிறார், தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தாண்டவன் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்கும்போது வாயின் இரண்டு ஓரமும் காய்ந்த சருகு மாதிரி இழுத்தது, கண்ணாடியில் அது சிரிப்பாகத் தெரியவில்லை. எனக்குக் கல்யாணம் என்று ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்பது இவர்களுக்குத் தெரியும், இந்த வீதியில் எல்லாருக்கும் எல்லாமும் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய சொல்தா அருளப்பன் மகன் ரெனே, பாரீசுக்குப் பக்கத்தில் சார்செலில் வாத்தியாராக இருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன்னால் தனி ஆளாகப் புதுச்சேரிக்குத் திரும்பி வந்து அக்கா வீட்டு மாடியில் இருக்கிறான், பகலில் குடை இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை, முகம் எப்போது பார்த்தாலும் வெந்த இறால் நிறம், குடிதான், வேறென்ன. குடிப்பதில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல. முகத்துக்குப் போட்ட க்ரீம் என்று சொன்னால் இன்னும் மோசம், ஆம்பளை, நாற்பத்தெட்டு வயசு, க்ரீம். குடியே இருக்கட்டும்.

எலோடி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். விமானம் சென்னையில் இறங்கி அவள் டாக்ஸியும் ஏறியாகிவிட்டது, நான் வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் பப்பா நானே வருவேன் என்று எழுதியிருந்தாள், படித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆறுதலாக இருந்தது என்பது அப்புறம் உறுத்திக்கொண்டே இருந்தது. பெற்ற மகள் வருகிறாள், ஆறு வருஷம், பதிமூன்றில் பார்த்தது இப்போது பத்தொன்பது, ஓடிப்போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்ட வேண்டாமா. ஆனால் கம்பியைத் தாண்டி வந்ததும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் பயந்தேன், அதற்குத்தான் இப்போதும் பயப்படுகிறேன். மரி அக்கா காலையிலேயே மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, "புள்ள வருது, தாடியும் கீடியுமா எழவு வூட்டு ஆளு மாரி நிக்காதடா, போய் எடுத்துக்கினு வா" என்றாள். தாடிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை. தாண்டவன் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் சுழற்றிக்கொண்டே தொலைக்காட்சியைப் பார்க்கிறார், நுரை பொங்குகிறது, எலுமிச்சை வாசனை, எலுமிச்சை எரியுமா, எரியும், எல்லாமே எரியும், தண்ணீர் எரிகிறது, வியர்வை எரிகிறது, போன வாரம் சாம்பார் ஆவி பட்டு எரிந்தது. முதலில் கத்தரி. தாடி மயிர் துணிமேல் விழுகிறது, நான் நினைத்ததைவிட அதிகம் நரை.

அவர் இடது கையின் இரண்டு விரல் என் நெற்றிப்பொட்டில் அழுத்தித் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. மனித விரல். கடைசியாக என் முகத்தில் யார் விரல் பட்டது, டாக்டரம்மா, நூறடி ரோட்டில், அதுவும் கையுறை போட்ட விரல், அதற்கு முன்னால், அதற்கு முன்னால் யார், நினைத்துப் பார்க்கிறேன், ஒரு முகமும் வரவில்லை, கோவிலில் சாமியார் விபூதிப் புதனுக்கு நெற்றியில் சாம்பல் பூசினார், அதைக் கணக்கில் சேர்க்கலாமா. பதினெட்டு வயசுக்குள் என் முகம் ஓட்டை ஓட்டையாக வெந்த தோசை மாதிரி ஆகியிருந்தது, பரு வந்து, கிள்ளி, ஆறி, குழி விழுந்து, மறுபடி அதே குழிக்குள் பரு வந்து. அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள், அப்பா பட்டாளத்து சோப்பு போட்டுத் தேய்க்கச் சொன்னார். அதோடுதான் கணக்கு வாத்தியாராக சார்செல் பிள்ளைகள் முன்னால் போய் நின்றேன், முப்பது பிள்ளைகள், முதல் வாரமே பெயர் வைத்துவிட்டார்கள், சல்லடை, பிரெஞ்சில் அதற்கு ஒரு சின்ன வார்த்தை, நான் கரும்பலகையில் எழுதத் திரும்பியதும் கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாக எழும்பும், திரும்பினால் எல்லாம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்தேழு வயசில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன், வயதான அம்மா, மருந்து எழுதித் தந்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு மொஸ்யே, முழு முகத்துக்கும் ஒரே ஒரு பட்டாணி, இரண்டு பட்டாணி போட்டால் இரண்டு மடங்கு அழகாக மாட்டீர்கள், இரண்டு மடங்கு உரிவீர்கள், அவ்வளவுதான் என்றார். முகத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பட்டாணியை ஐந்து புள்ளியாக வைத்துத் தடவி, பிறகு யாரும் எதுவும் அதன்மேல் படாமல். முதல் குளிர்காலம் பாம்பு மாதிரி உரிந்தேன். இரண்டாவது குளிர்காலம் குழிகள் மேடேற ஆரம்பித்தன. கடைசி பெஞ்ச் என் பெயரை மறந்தது, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. அந்த மருந்தை நான் எப்படி விட்டிருக்க முடியும்.

நுரை. சூடாக, கன்னத்தில், மோவாயில், மேல் உதட்டில், எரியவில்லை, இல்லை எரிகிறது, பொறுக்கிற எரிச்சல். "இன்னா முசே, கைய இறுக்கிக்கினு கீறீங்க, ஊசியா போடறன்?" "இல்ல இல்ல, நீங்க பண்ணுங்க." துணிக்கு அடியில் என் கைகள் நாற்காலிக் கையைப் பிடித்திருப்பதை அவர் எப்படிப் பார்த்தார். அந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் என் மனைவி வெர்ஜினி உண்டானாள். மருந்துப் பெட்டிக்குள் இருந்த மடித்த தாளை அவள்தான் படித்தாள், நான் அதுவரை படித்ததே இல்லை, கர்ப்பமாக இருப்பவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது. பயன்படுத்துவது நான், உண்டானது நீ என்றேன். டாக்டரைக் கேட்டோம், உங்கள் முகத்தில் இருப்பது அவர் வயிற்றுக்குள் போகாது என்று சிரித்தார், ஆனால் வெர்ஜினி சிரிக்கவில்லை, முதல் ஒன்று தங்காமல் போயிருந்தது, அவளை யார் என்ன சொல்ல முடியும், தலையணை மாறிப் போகும், தூக்கத்தில் கன்னம் படும், ஒரே ஒரு வருஷம் ரெனே, அந்த ரூமில் படு என்றாள். படுத்தேன். பிள்ளை பிறந்த பிறகு பால் கொடுக்கிறாள் என்று படுத்தேன். பிறகு விடிகாலை பள்ளிக்கூடம் என்று படுத்தேன். பிறகு காரணம் கேட்க ஆளில்லை, அந்த ரூம் என் ரூம் ஆகிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை, ஒரு தட்டுகூட உடையவில்லை, ஒரு பட்டாணி, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பட்டாணி.

எலோடி தூங்கப்போகும் நேரமும் நான் மருந்து போட்டுக் காயவிடும் நேரமும் ஒன்று. அதை நினைக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் போய் மாட்டிக்கொள்கிறது, முன்னாலேயே அவளைப் படுக்க வைத்திருக்கலாம், இல்லை நான் பின்னால் போட்டிருக்கலாம், அரை மணி, ஒரு மனுஷன் தள்ளிப்போட முடியாத அரை மணியா, கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கழித்தல் தெரியவில்லையா. ராத்திரி முத்தம் கொடுக்க ஓடி வருவாள், நான் இரண்டு கையாலும் தோளைப் பிடித்து நிறுத்துவேன், தொடாதே குட்டி, பப்பா மூஞ்சியில் மருந்து, உன் வாயில் படும். கெட்ட அப்பா இல்லை நான், கவனமான அப்பா. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள், கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு விரல்கடை விட்டு, காற்றில் சத்தம் மட்டும் போடுவாள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு பகலிலும் அதே. பள்ளி வாசலில், பிறந்த நாளில், அங்கே எல்லாரும் எல்லாரையும் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தானே வணக்கம் சொல்கிறார்கள், பேக்கரிக்காரியிடம்கூட அவள் கன்னம் படும், என்னிடம் மட்டும் அந்த விரல்கடை. வெர்ஜினியும் நானும் பிரிந்த அன்று வீட்டு வாசலில், ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவோடு தூர ஊருக்குக் குடிபோன அன்று பெட்டியோடு ரயில் நிலையத்தில், இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் காற்று. இன்று அக்கா வீட்டு வாசலிலும் அதுதான் நடக்கும், மரி அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள், எதிர்வீடு பார்த்துக்கொண்டிருக்கும், பத்தொன்பது வயசுப் பெண் இனி எந்தப் பழக்கத்தையும் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் தாடி. முதலில் தாடியோடே இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், தாடி இருந்தால் குத்தும் என்று அவள் விலகினாள் என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால், எடுத்த முகத்துக்கும் காற்றுத்தான் என்றால், அதற்கு நான் என்ன காரணம் வைத்துக்கொள்வேன்.

"பொண்ணு வர்தாமே, மரி அக்கா சொல்லிச்சு" என்கிறார் தாண்டவன், கத்தியில் புது பிளேடை மாட்டிக்கொண்டே. "ஆமா." "இன்னா படிக்குது?" "கட்டடக் கலை." "அப்ப வந்து எங்க கடைய இடிச்சிக் கட்டிக் குடுக்கச் சொல்லு" என்றார் நாகமுத்து. "இடிக்க ஆளு வேணுமா, நீ சாஞ்சி ஒக்காந்தினு கீறியே, அந்தச் செவுரே விழுந்துடும்" என்றார் தாண்டவன். கத்தி காதோரத்தில் இறங்கியது. கரகரவென்று ஒரு சத்தம், மண்டைக்குள் கேட்கிறது, தோலுக்கு இந்தப் பக்கம் கத்தி அந்தப் பக்கம் நான், நடுவில் எவ்வளவு இருக்கிறது. அதுதான் கேள்வி, அதைத்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன், மெலிஞ்சிடுச்சா, இருபத்தொரு வருஷம் போட்டிருக்கேன், தோல் மெலிஞ்சிடுச்சா. சின்னப் பெண், எலோடியைவிடப் பத்து வயசு கூட இருக்கும், விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் ரொம்ப நேரம் பார்த்தாள். "மெலியல சார், எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. மேல இருக்கற செத்த படலம்தான் லேசாயிருக்கு, உள்ள நல்லாத்தான் இருக்கு. இந்த மருந்த ரொம்ப வருஷம் போடறவங்க இருக்காங்க. நீங்க போட்ட விதம்தான்." போட்ட விதம். அங்கிருந்து கொண்டுவந்த ட்யூப் தீர்ந்ததும் இங்கே மருந்துக் கடையில் வெறும் பெட்டியைக் காட்டினேன், சீட்டு கேட்கவில்லை, அதே மருந்து சார், இது இன்னும் ஸ்ட்ராங்கு என்று சொல்லி எடுத்துப் போட்டான், ஸ்ட்ராங்கு என்றால் நல்லதுதானே என்று நானும் வாங்கிக்கொண்டேன், அந்தக் குளிர் ஊருக்குச் சொன்ன மருந்தை இந்த வெயிலில், கடற்கரையில், இரண்டு பட்டாணி, மூன்று பட்டாணி. ஏன் கூட்டினேன். தனியாக இருக்கிறவனுக்கு ராத்திரியில் வேறு என்ன இருக்கிறது, முகத்தைக் கழுவி, காயவிட்டு, விளக்கடியில் உட்கார்ந்து தடவுவது, அது ஒரு துணை மாதிரி. விட்டால் சல்லடை திரும்பி வரும் என்று வேறு பயம். சிவப்பு இறங்குமா டாக்டர் என்றேன். "இறங்கும். எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது, ரத்தக் குழாய் கொஞ்சம் வெளிய தெரியுது, அது அப்படியே நின்னாலும் நிக்கலாம். நிறுத்துங்க, பார்ப்போம்." பார்ப்போம். இரண்டு மாதமாக ராத்திரியில் அந்த நேரம் வந்ததும் கை சும்மா இருக்க முடியாமல் எழுந்து போய்க் குழாயைத் திறக்கிறது.

"ஆச்சு முசே." ஈரத் துணியால் ஒற்றினார், மெதுவாகத்தான், நான் சொன்னதை நினைவு வைத்திருக்கிறார், அப்புறம் பழக்கத்தில் படிகாரக் கட்டியைக் கையில் எடுத்தார், "வேணாம், அது வேணாம்" என்று நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது, நாகமுத்து பேப்பரை இறக்கிப் பார்த்தார். "சரி சரி, வேணாம்னா வேணாம், இதுக்கு ஏன் கொல உழுந்த மாரி." கண்ணாடியில் ஒருவன். தாடி இருந்த இடம் வெளுத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி, அதற்கு மேலே கன்ன மேட்டில் சிவப்பு, மூக்கோரம் இரண்டு பக்கமும் நூல் நூலாக ரத்தக் குழாய்கள், நெற்றியில் மீன் செதில் மாதிரி தோல். இரண்டு பேருடைய முகத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியிருக்கிறது. இதையா எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்கப்போகிறேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அவள் டாக்ஸியிலிருந்து இறங்குவாள், நான் நேரே போய்ப் பெட்டியை வாங்கிக்கொள்வேன், இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் யாரும் யாரையும் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை, கன்னமும் வேண்டாம், காற்றும் வேண்டாம், வா வா வெயில் என்று உள்ளே கூட்டிப் போய்விடலாம். நல்ல யோசனை. நேற்றிலிருந்து அதைத்தான் செய்து செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கதவு திறந்தது. "பப்பா?" நாகமுத்து வேட்டியை அவசரமாக முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டார். தாண்டவன் சீப்பும் கையுமாக நின்றார், இந்தக் கடைக்குள் பெண்பிள்ளை வந்து நான் பார்த்ததில்லை. முதுகில் பை, என்னைவிட உயரம் போலிருந்தது, முடியைக் காதுவரை வெட்டியிருந்தாள். "அத்த சொன்னா, நீ சலூன்ல இருக்க. நான் நடந்து வந்தேன். வழியில மாடு, நான் தொட்டேன், ரொம்ப அழகு" என்றாள், யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று தெரியவில்லை, எல்லாரையும் பார்த்து, பையில் தொங்கிய சின்ன சானிடைசர் புட்டியை உள்ளங்கையில் அமுக்கி இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டே. "வாம்மா வாம்மா, ஒக்காரு, இதோ முசே முடிஞ்சிட்டாரு" என்றார் தாண்டவன். அவள் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் எழ வேண்டும், துணி கழுத்தில் முடிச்சு, கைகள் உள்ளே, பெட்டி இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை. கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு நேரம் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. "எலோடி, மூஞ்சி கொஞ்சம், மருந்து ஒத்துக்காம…" "தெரியும். போன்ல நீ எப்பவும் ஜன்னல் உனக்குப் பின்னாடி வச்சு ஒக்காருவ, மூஞ்சி கருப்பா இருக்கும். நான் போட்டோ பிடிச்சு வெளிச்சம் ஏத்திப் பாப்பேன்." சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கையையும் என் கன்னத்தில் வைத்தாள். வைத்தாள் என்றால், மெதுவாக அல்ல, ஒரு பானையைப் பிடிக்கிற மாதிரி முழுக் கையும் பதிய.

ஸ்பிரிட். அவள் கையில் இன்னும் காயாத ஸ்பிரிட், புதிதாகச் சிரைத்த தோலில், நெருப்பை அள்ளி அப்பிய மாதிரி மோவாயிலிருந்து கண்வரை ஏறியது, காது அடைத்தது, துணிக்குள் விரல்கள் மடங்கின, கண்ணில் குபுக்கென்று தண்ணீர், நிறுத்த முடியவில்லை, வழிந்து அவள் கட்டைவிரல்மேலேயே இறங்கியது. "பாரேன், பொண்ணப் பாத்ததும் முசேவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு" என்றார் தாண்டவன். "பின்ன, பெத்தவன்ல" என்றார் நாகமுத்து. எலோடி குனிந்தாள், அவள் மூச்சு காதில் பட்டது. "அழறியா பப்பா?" தண்ணீர்க் குழாய் மூன்றடியில் இருக்கிறது. எரிகிறது, கையை எடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதறிப்போய் எடுத்துவிடுவாள்.

"ஆமா" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை.